அவசரத்துக்கு ஒரு ஸ்டாப்பிங்

அந்தத் தெருவில் போய் ஸ்டுடியோவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. போர்டில் என்னவோ அழகான பெயர் இருக்கத்தான் இருக்கிறது, யார் படித்தார்கள்? "ஆடாதே ஸ்டுடியோ எங்க இருக்கு?" என்று கேளுங்கள், பால் வாங்கப் போகிறவர்கூட நின்று கை காட்டுவார். பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், பெண் பார்க்க அனுப்புகிற படம் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டுதான் எழுந்து வந்திருக்கிறார்கள். சின்னவர்களுக்கு "ஆடாதே", பெரியவர்களுக்கு "ஆடாதீங்க", கைக்குழந்தைக்கு "ஆடாதடா என் ராஜா". அவ்வளவுதான் அவன் தொழில்.

ஒருமுறை பெரிய மனுஷர் ஒருவர், பின்னால் நாலு பேர் புடைசூழ வந்து உட்கார்ந்தார். மனுஷர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்க, இவன் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "ஐயா, ரொம்ப ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டான். அவர் முகம் சிவந்து எழுந்து, "யாரைப் பாத்து ஆடாதேங்கற?" என்று கத்தினார். கூட வந்த நாலு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்கு ஓடினார்கள். தெரு முழுக்க மனசுக்குள் வைத்திருந்ததை ஒருத்தன் வாய்விட்டுச் சொல்லிவிட்டானே! அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது.

ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். அந்தச் சொல் அவனுடையது இல்லை, அவன் அக்காவுடையது. சின்ன வயதில் இவன் ஓரிடத்தில் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. அம்மா விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிட, அக்காதான் இவனுக்குத் தலை வாரிவிடுவாள். ஒரு கையால் மோவாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சீப்போடு, "ஆடாதடா, ஆடாதடா" என்று காலை முழுக்க அதே பாட்டு. இப்போதும் ஸ்டுடியோவில் யாருடைய மோவாயையாவது தொட்டு வெளிச்சத்துப் பக்கம் திருப்பும்போது, அவன் கையில் இருப்பது அக்காவின் பிடிதான்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். ஊரில் பாதிப் பேர் அவளை "வேன் அத்தை" என்றுதான் சொல்வார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "தினம் ஒரு வேன் நிறையப் பிள்ளைங்க. இதுக்கு மேல இன்னும் வேணுமா?" என்பாள். அந்த வேனில் ஏறிய எவருக்கும் சொந்தப் பெயர் நிலைத்தது கிடையாது. ஏறும்போதே இறங்கத் துடிக்கிறவன் அவசரம். வாசலில் ஹார்ன் அடித்து எழுப்ப வேண்டியவள் லேட்டு. மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே வருகிறவள் ஜன்னல்சீட்டு. பிள்ளைகள் வளர்ந்து எங்கெங்கோ போய்விட்டார்கள். பெயர்கள் மட்டும் அவளிடம் தங்கிவிட்டன. வீட்டில் ஒரு மீன்தொட்டி வாங்கி வைத்தபோது அவற்றை எடுத்து மீன்களுக்கு வைத்துவிட்டாள்.

மீன் என்றால் பெரிய மீன் இல்லை. விரல் நீளம்கூடக் கிடையாது. உடம்பு நெடுக நீலக் கோடு போட்ட, நிற்கவே தெரியாத ஜாதி. தண்ணீருக்குள் யாரோ விரட்டுகிற மாதிரி நாள் முழுக்க ஓட்டம். அதில் அவசரம் என்கிறவன் இருக்கிறானே, அவனை முழுசாகப் பார்த்தவர் குறைவு. வந்தான் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் போயிருப்பான். அக்கா சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "டேய், மெதுவா, மெதுவா" என்று அவனை அதட்டியபடியே சாப்பிடுவாள்.

பிறகு கண் போயிற்று. ஒருநாள் முன்னால் போன பஸ்ஸின் நம்பர் தெரியவில்லை. எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறை. வேனை ஓரங்கட்டி நிறுத்தினாள். வேறொரு டிரைவரைப் போனில் கூப்பிட்டு, பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்து, சாவியையும் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தச் சாவியை அவள் தொடவில்லை. "ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லாம இறக்கி விட்டுட்டேன். அது போதும்டா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தம்பிக்காரனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்டர் பல தடவை பார்த்துவிட்டு, "நடுப்பார்வை போயிடுச்சும்மா. அது திரும்பாது. ஓரப்பார்வை இருக்கும்" என்றார். வெளியே வந்ததும் அக்கா தம்பியின் தோளில் இடித்து, "கேட்டியாடா? வயசுல ஒருத்தனைக்கூட ஓரக்கண்ணால பாத்ததில்ல. இப்ப டாக்டரே பாக்கச் சொல்லிட்டார்" என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போய், குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினான்.

"எப்படித்தான்க்கா தெரியுது?" என்று ஒருநாள் கேட்டான்.

"உன் லென்ஸுக்கு நடுவுல யாராவது கட்டைவிரலை வெச்சு அழுத்தினா எப்படி இருக்கும்? அப்படி."

போட்டோகாரனுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லமுடியும்? அன்றிலிருந்து சாயங்காலம் ஸ்டுடியோ ஷட்டரை இறக்கியதும் நேராக அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். ஜன்னலோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி, மோவாயைத் தூக்கி, முதுகை நிமிர்த்தி, தன் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் எப்படி உட்காரவேண்டும் என்று நினைப்பானோ அப்படி அவள் எதிரே ஆடாமல் அசையாமல் உட்காருவான். மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவான்.

"நல்லாத் தெரியுதாக்கா?"

"தெரியுது, தெரியுது. மூக்குதான் முன்னைவிடப் பெரிசா இருக்கு."

அவன் சந்தோஷமாக வீட்டுக்குப் போய், "என் முகம் அக்காவுக்கு நல்லாத் தெரியுதாம்" என்று மனைவியிடம் சொல்லுவான். மனைவி அவனுக்குச் சோற்றைப் போடுவாள். அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனுஷனிடம் சந்தேகத்தை யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்?

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் அக்கா ஒரு சாயங்காலம், "மீன்தொட்டியைக் கொடுத்துடலாம்னு இருக்கேன்" என்றாள்.

அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தவன் அசைந்துவிட்டான். "ஏன்?"

"கலர்மீன் கடைக்காரர்கிட்டச் சொல்லிட்டேன். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கறேன்னார்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"கண்ணு தெரியாதவ வீட்டுல எதுக்குடா? ஒன்னு செத்து மிதந்தாக்கூட எனக்குத் தெரியாது. வேனை ஏன் கொடுத்தேன்? அதே கணக்குதான். பாத்துக்க முடியாதுன்னா சாவியைக் கொடுத்துடணும்."

அவள் குரலில் வருத்தம் இல்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. வேன் போயிற்று, பிள்ளைகளும் போனார்கள், இப்போது இதுவும் போனால் இந்த வீட்டில் அவளுக்கு அதட்டுவதற்கு என்ன மிச்சம்? யாரையும் அதட்டாத அக்காவை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காரியம் பண்ணுடா" என்றாள் அக்கா. இப்போதுதான் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவசரத்தை ஒரே ஒரு படம் எடுத்துக் கொடு. நல்லாப் பெரிசா. நேர்ல ஓடிக்கிட்டே இருக்கான், பிடிகொடுக்க மாட்டேங்கறான். நின்ன மாதிரி ஒரு படம் இருந்தா, கண்ணுகிட்ட வெச்சு, ஓரத்துலேருந்து ஆரம்பிச்சு மெதுவா பாத்துக்குவேன். அவன் கண்ணு என்ன கலர்னு எனக்கு மறந்தே போச்சுடா."

"பூ, இவ்வளவுதானா? நாளைக்கே எடுத்துத் தரேன்" என்றான் அவன். மனிதர்களை மட்டுமே படம் எடுத்த திமிர், வேறென்ன.

மறுநாள் மதியம் ஸ்டுடியோவைச் சாத்திவிட்டுக் கேமராவும் ஃப்ளாஷுமாக வந்து இறங்கினான். சாயங்காலம் வரை எடுத்தான். படங்களைப் போட்டுப் பார்த்தபோது அவனுடைய மானம் கப்பலேறியது. ஒன்றில் பாதி வால். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் கண்ணாடியில் தெறித்த ஃப்ளாஷ், சூரியன் உதித்த மாதிரி. நன்றாக ஃபோகஸ் ஆகியிருந்த ஒரே படத்தில் தெளிவாகத் தெரிந்தது தொட்டிக் கண்ணாடியில் பிரதிபலித்த அவனுடைய தொப்பையும், சட்டையில் விட்டுப்போன ஒரு பொத்தானும். மற்றதில் எல்லாம் மீன் இருந்த இடத்தில் ஒரு நீலத் தீற்றல்.

கடைசியில் பொறுமை போய், தொட்டியைப் பார்த்து, "ஆடாதே! ஒரு நிமிஷம் ஆடாம நின்னாத்தான் என்ன?" என்று கத்திவிட்டான்.

அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்று சிரித்தாள். "பாவம், மீனுக்கு மோவாய் இல்ல. இருந்தா பிடிச்சுத் திருப்பியிருப்பீங்க."

"சிரிம்மா, நல்லாச் சிரி" என்றாள் அக்கா. "உன் புருஷன் மத்தியானத்துலேருந்து அவசரத்தைத் துரத்திக்கிட்டு இருக்கான். ஏன்டா, வேன் பின்னாடி ஓடி எவனாவது ஏறியிருக்கானா? ஸ்டாப்பிங்ல போய் நிக்கணும்டா. வேன் தானா வரும்."

"மீனுக்கு ஏதுக்கா ஸ்டாப்பிங்?"

"ஏன் இல்லாம? எல்லாருக்கும் ஒரு ரூட் இருக்கு. அவசரம் ஃபில்டர்கிட்டேருந்து கிளம்புவான். கூழாங்கல்லை ஒட்டியே போவான். செடிக்குப் பின்னாடி நுழைஞ்சு, முன்கண்ணாடி இடது மூலையில வந்து திரும்புவான். எவ்வளவு பெரிய அவசரக்காரனா இருந்தாலும் வளைவுல வேகத்தைக் குறைச்சுத்தான் ஆகணும். அதான் அவன் ஸ்டாப்பிங். நீ அங்க நில்லு. அவனைப் பாக்காத, இடத்தைப் பாரு."

இத்தனை வருஷம் படம் எடுக்கிறோம் என்று மார்தட்டிக்கொண்டு, மனிதர்களை உட்காரவைத்து எடுத்ததைத் தவிர அவன் எதையும் காத்திருந்து எடுத்தது கிடையாது. அக்காவோ மழையிலும் வெயிலிலும் காத்திருந்தே காலம் தள்ளியவள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேருமாக உட்கார்ந்தார்கள். ஜன்னல் திரைகளை இழுத்து மூடி, தொட்டி விளக்கை மட்டும் விட்டு அறையை இருட்டாக்கினான். கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்தான். தொப்பை மறுபடி படத்தில் வரக்கூடாது என்று ஒரு கறுப்புப் போர்வையில் லென்ஸ் நுழைகிற அளவு ஓட்டை போட்டு, மனைவியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். ஃப்ளாஷைத் தொட்டி மூடியின் மேல் வைத்து நேராகக் கீழே பார்க்கத் திருப்பினான். இடது மூலையில் ஒரு செடியின் இலை நுனி கண்ணாடிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நுனிக்கு ஃபோகஸ் வைத்துப் பூட்டினான். ஸ்டாப்பிங் தயார்.

அக்கா தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் தொட்டியைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் பக்கம் திரும்பியிருந்தது. சமீபகாலமாக அவள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் உட்காருகிறாள். வந்தவர்களுக்குக் கோபித்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

அவன் அழுத்தினான். வெறும் இலை. மறுபடி அழுத்தினான். வால் நுனி. அவசரம் வந்ததைக் கண் பார்த்து, கண் விரலுக்குச் சொல்லி, விரல் அழுத்துவதற்குள் அவன் அடுத்த ஸ்டாப்பிங்கில் இருந்தான்.

"உன் விரலுக்குத்தான்டா லேட்டுன்னு பேர் வெச்சிருக்கணும்" என்றாள் அக்கா, கடிகாரத்தைப் பார்த்தபடி.

"நீ வேற ஏன்க்கா..."

"இப்ப!"

"என்ன இப்ப?"

"போச்சு. போயிட்டான். நான் இப்பன்னா நீ அழுத்தவேண்டியதுதானே? எதிர்க்கேள்வி கேட்டா பஸ் நிக்குமா?"

அவனுக்கு எரிச்சல்தான். கண் தெரியாத அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வதை நம்பிப் படம் எடுப்பதா? ஆனால் சாயங்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, விடிந்தால் திங்கட்கிழமை. சரி, கழுதை, ஆனது ஆகட்டும் என்று விரலை வைத்துக் காத்திருந்தான்.

"இப்ப!"

அழுத்தினான். திரையில் ஒரு தலை. முழுத் தலை, வாயோடு.

"என்னங்க!" என்று போர்வைக்குப் பின்னாலிருந்து மனைவி கத்தினாள்.

"போர்வையை விடாத!" என்று இவன் கத்தினான்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. செடிக்குப் பின்னாடி நுழையறான்" என்றாள் அக்கா. "வரான், வரான்... இப்ப!"

கிடைத்துவிட்டான். தலையிலிருந்து வால்வரை, உடம்பு மெல்ல வளைந்து, நீலக் கோடு ஒவ்வொன்றும் பென்சிலால் இழுத்த மாதிரி, கண்ணைச் சுற்றி மெல்லிய பொன்னிற வளையத்தோடு, அவசரம் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து முதல்முறையாக நின்றுகொண்டிருந்தான். தம்பிக்காரன் அக்காவைக் கட்டிப்பிடித்து, ஸ்டூலோடு சேர்த்து ஆட்டிவிட்டான்.

"எப்படிக்கா சொன்ன?"

"எல்லாம் ஒரு குத்துமதிப்புதான்" என்றாள் அக்கா. "நான் ஓட்டின வண்டிடா. ரூட் தெரியாதா?"

அவனும் அப்படியே எடுத்துக்கொண்டான். பழக்கம்தான், வேறென்ன என்று நினைத்தான். அறிவு இருந்தால் அப்போதே யோசித்திருக்கவேண்டும். சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு யோசனை எங்கே வருகிறது?

திங்கட்கிழமை காலை ஸ்டுடியோவைத் திறந்ததும் முதல் வேலையாக அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டான். இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்கவேண்டிய அளவு. கெட்டி அட்டையில் ஒட்டி, பழைய துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்தான். எதிரே வந்தவர்கள் யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

அக்கா வீட்டு வாசலில் கலர்மீன் கடைக்காரர் வாளிகளோடும் வலையோடும் அவனுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். மனைவி டீ போட அடுப்படிக்குள் போயிருந்தாள். "கொஞ்சம் இருங்கண்ணே, அக்கா முதல்ல படத்தைப் பாத்துடட்டும்" என்று சொல்லி அவரோடு உள்ளே போய், துணியைப் பிரித்து அட்டையை அக்காவின் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு எதிரில், ஜன்னல் வெளிச்சத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அக்கா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு தூரப் பிடித்தாள். இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள். விரலால் தடவி, இப்படியும் அப்படியுமாகத் திருப்பினாள். அப்புறம் முகம் மலர்ந்து, "அடேயப்பா! எவ்வளவு தெளிவா இருக்கான்! கண்ணுகூடத் தெரியுதுடா. அந்த வளையம், அது... அழகா இருக்குடா. ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

படம் அவள் கையில் தலைகீழாக இருந்தது.

அவசரம் வயிறு மேலாக, செத்த மீன் எப்படி மிதக்குமோ அப்படி இருந்தான். அக்கா ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தது வெறும் தண்ணீரை. கண்ணில் வளையம் உண்டு என்று நேற்று இவனே உளறியிருந்தான். அதைப் பிடித்துக்கொண்டு பாவி மகள் தம்பிக்காக நடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் எப்படிச் சொல்வான்? சொன்னால் அவள் நடிப்பும் போய்விடும். கடைக்காரர் வாயைத் திறக்கப் போனவர் இவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"சரி, நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றாள் அக்கா அவரிடம், படத்தை மடியில் சாய்த்து வைத்தபடி. "பிள்ளைங்களை மெதுவாப் பிடிங்க."

அவர் மூடியைத் திறந்து வலையை இறக்கினார். தொட்டிக்குள் கலவரம் மூண்டது. நீலக் கோடுகள் நாலாபக்கமும் பறந்தன. அக்காவின் முகம் கடிகாரத்தின் பக்கம் திரும்பியது.

"ஐயோ, மெதுவா! கல்லுல போய் முட்டறா பாருங்க, ஜன்னல்சீட்டு! வலையை அந்தப் பக்கம் கொண்டுபோங்க. லேட்டு செடிக்குள்ள மாட்டிக்கிட்டா. அங்க இல்ல, உங்க கைக்குக் கீழ! அதோ அவசரம், வலைக்கு அடியில புகுந்து வெளிய வந்துட்டான். டேய்! மெதுவாடா! மெதுவா!"

கடைக்காரர் கையை எடுத்துவிட்டார். வலையின் அடியிலிருந்து அவசரம் வெளியே வந்து, இடது மூலையில் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தான்.

தம்பிக்காரன் மெல்ல அக்காவின் முன்னால் குனிந்தான். "அக்கா. உனக்குத் தெரியுதா?"

"எது?"

"அவசரம் இப்ப எங்க?"

"ஃபில்டர்கிட்ட. இல்ல, கீழ இறங்கிட்டான். எதுக்குக் கேக்கற?"

"நீ பாக்கற!"

"இது எங்கடா பாக்கறது? ஓரத்துல என்னமோ ஓடுது. ஓடறது தெரியுது. திரும்பிப் பாத்தா காணோம். நின்னாலும் காணோம். இதைப் போய்ப் பார்வைன்னு யார் சொல்லுவா? சும்மா ஒரு குத்துமதிப்பு."

"நேத்து இப்ப, இப்பன்னு சொன்னியே, அது குத்துமதிப்பா? கண்ணு ரெண்டும் நல்லா இருக்கிற எனக்குப் பிடிபடாதவன் உனக்குப் பிடிபட்டானேக்கா!" அவன் குரல் உடைந்து எகிறியது. "நிக்க வெச்சுக் காட்டினா உனக்குத் தெரியும்னு நான் நாயா அலைஞ்சேன். நிக்கறதுதான் உனக்குத் தெரியலை. ஓடறவன் தெரியறான். இப்படி ஓடற பிள்ளைங்களைப் போய் யாராவது கொடுப்பாங்களா? ஒன்னு நின்னா, காணோமேன்னு உனக்குத் தெரிஞ்சுபோகும். என்னைக் கூப்பிடு. நான் வந்து பாக்கறேன்."

அக்கா கடிகாரத்தின் பக்கமே திரும்பியிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. வேனில் ஏறிய பிள்ளைகளைச் சரிபார்க்கும்போது அப்படித்தான் அசையும். எல்லாரும் இருந்தார்கள் போலிருக்கிறது, பெருமூச்சு விட்டாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க" என்றாள் கடைக்காரரிடம். "சாவி என்கிட்டயே இருக்கட்டும்."

அவர் காலி வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். "நான் என்ன நினைக்கறது? மீன் எங்க இருக்குன்னு வலை பிடிச்ச எனக்கே நீங்கதான் சொன்னீங்க" என்று முணுமுணுத்தார். சொன்னாரே தவிர, போகவில்லை. டீ வாசனை வந்துகொண்டிருந்தது.

தம்பிக்காரன் அக்காவின் எதிரில் நின்றபடியே இருந்தான். எத்தனை சாயங்காலங்கள் இதே இடத்தில், இதே வெளிச்சத்தில், ஒரு மயிர்கூட அசையாமல் உட்கார்ந்திருப்பான்? நல்லாத் தெரியுதாக்கா? தெரியுது, தெரியுது. அந்த நினைப்பு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது.

"எங்கடா போயிட்ட?" என்றாள் அக்கா.

"உன் எதிர்லதான்க்கா இருக்கேன்."

"குரல் வருது. ஆளைக் காணோம்." அவள் கையை நீட்டித் துழாவி அவன் மோவாயைப் பிடித்தாள், பழைய பிடி. பிறகு விட்டுவிட்டாள். "உன்னைப் பாத்து ரொம்ப நாளாச்சுடா. நீ வந்து கல்லு மாதிரி உட்காந்துடறே. நானும் மூக்கு, காதுன்னு எதையாவது சொல்லி அனுப்பிடுவேன். மனசு கஷ்டப்படுவியேன்னு." முகத்தை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "கொஞ்சம் ஆடுடா."

"ஆ?"

"ஆடுடா. எத்தனை நாள் அதட்டியிருப்பேன், ஆடாதேன்னு! இப்ப நானே சொல்றேன். ஆடு."

அவன் முதலில் தலையை ஆட்டினான். வெட்கமாக இருந்தது. பிறகு கையை வீசினான். பிறகு ஒரு காலைத் தூக்கினான். அப்புறம் என்ன ஆயிற்றோ, அந்தத் தொப்பையும் தானுமாக, ஜன்னலுக்கும் மீன்தொட்டிக்கும் நடுவே அந்த மனுஷன் குதிக்க ஆரம்பித்தான். சீப்புக்குப் பிடிகொடுக்காமல் வீடு முழுக்க ஓடிய காலத்தில் எப்படிக் குதித்தானோ அப்படி. கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடியது, துடைக்கவும் நிற்கவில்லை. டீத் தட்டோடு வந்த மனைவி அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். கடைக்காரர் வாளியை வைத்துவிட்டுக் கைதட்டினார்.

"அதோ" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டு. முகமெல்லாம் சிரிப்பு. "அதோ வந்துட்டான்." பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. "டேய். உன் தலையெல்லாம் வெள்ளையா இருக்கேடா. எப்படா நரைச்சுது?"

"அது நரைச்சு ரொம்ப நாளாச்சுக்கா" என்றான் அவன், மூச்சு வாங்க. "இப்பத்தான் பாக்கறியா?"

"இப்பத்தான்டா பாக்கறேன். நிக்காத."